சின்னப்பையன் வீட்டின் பாதி மோல்டு

பாஸ்கர்,

கலசப்பாக்கத்தில் புதுக் குடோன் திறக்க நீ கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடு. நேரில் சொன்னால் என்ன என்று உன் அம்மா கேட்டாள். நேரில் சொன்னால் நீ "சரிப்பா, பாக்கலாம்ப்பா" என்பாய். நானும் சரி என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவேன். நம் வீட்டில் பல பேச்சுகள் அப்படித்தான் முடிந்திருக்கின்றன. எழுதும்போது பாதியில் எழுந்து போக முடியாது. என்னவெல்லாம் சொல்லப்போகிறேன் என்பதை முதலிலேயே வரிசையாகப் போட்டுவிடுகிறேன். அப்படிப் போடாவிட்டால் எனக்குக் கை ஓடாது.

1. மலையிலிருந்து பெரியவர் சின்னப்பையன் நம் சிமெண்ட் குடோனுக்கு வந்த அன்று நீ அவரிடம் பேசியது அநியாயம்.
2. அவருடைய வீட்டுக் கூரைக்கு மோல்டு போடுவது பாதியில் நின்றதற்குக் காரணம் அவருடைய கவனக்குறைவு இல்லை. தவறு நம் குடோனில் தொடங்கியது.
3. ஓர் ஆர்டரை எப்போது "முடிந்தது" என்று சொல்லலாம்.
4. குடோனில் நீ மாற்ற வேண்டியவை.
5. அந்த வீட்டை முடித்துக் கொடுக்கும் வழி: சிமெண்டோடு கீழிருந்து கூலியாட்களையும் கலவை மிஷினையும் அனுப்பி, ஒரே நாளில் வேலையை முடித்துவிடுவது.

இவற்றில் எது சரி, எது என் வயதின் படபடப்பு என்று எனக்கே முழு நிச்சயம் இல்லை. எதையும் நான்கு தடவை சரிபார்த்த பிறகும் ஐந்தாவது தடவை சந்தேகப்படுகிறவன் நான். ஆனால் கோபம் வந்திருக்கிறது என்பதில் மட்டும் சந்தேகமில்லை. அது வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

அன்று காலை நீ உன் நாற்காலியில் இருந்தாய். நான் வழக்கம்போல் மூலையில் லாரி ரசீதுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சின்னப்பையன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். என்னைவிட நாலைந்து வயது சிறியவராக இருப்பார். மலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்க வேண்டும், சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சிமெண்ட்டு கொறைஞ்சிட்ச்சிங்க. மோல்டு பாதில நின்னுட்ச்சி."

நீ கணினியைப் பார்த்தாய். அவரைப் பார்க்கவில்லை. "கம்ப்ளீட்னு காட்டுதே. மெசேஜ் வந்துதா இல்லியா?"

"வந்துச்சிங்க. 'உங்கள் ஆர்டர் முழுமையாக அனுப்பப்பட்டது'ன்னு வந்துச்சி. அத நம்பித்தான் ஊரு ஆளுங்கள கூப்ட்டேன்."

"எறக்கும்போது எண்ணிப் பாக்கணும் இல்ல? இன்னா பெரியவரே, அங்க வந்து நானா எண்ண முடியும்?"

"நான் சாமை கொல்லையில இருந்தேங்க. வண்டிக்காரரு ரோட்டோரம் எறக்கி, தார்ப்பாய் போட்டு மூடிட்டுப் போய்ட்டாரு. முழுசா வந்துட்ச்சின்னு நீங்களே சொன்னப்புறம் நான் ஏன் தார்ப்பாய அவுத்து எண்றது?"

"சரி வுடுங்க. நாளைக்கே மீதிய அனுப்பிடறேன். போதுமா?"

"சிமெண்ட்டு வந்துடும். ஆளு வருமா?"

அப்போது நீ சொன்னாய்: "ஆளு நம்ம குடோன்ல ஸ்டாக் இல்லிங்க."

பில் போடும் இடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லோடு ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சின்னப்பையனும், எல்லோரும் சிரிக்கிறார்களே என்று, கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீடு பாதியில் நிற்கிற மனிதன் நம் கடையின் மரியாதைக்காக நம்மோடு சேர்ந்து சிரித்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. நீ கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. வேலை மும்முரத்தில் நாக்கில் வந்தது அது. ஆனால் அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போன பிறகும் உன் முகத்தில் எதுவும் மாறவில்லையே, பாஸ்கர்! அடுத்த போனை எடுத்து "சொல்லுங்க சார்" என்றாய். எழுந்து கத்த வேண்டும் என்று நினைத்தேன். ரசீதைக் கீழே வைத்தேன், மறுபடியும் எடுத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அந்த வாரமே மலைக்குப் போனேன். படவேடு கோயிலுக்குப் போகிறேன் என்று உங்களிடம் சொன்னது பொய். நம் ஆலங்காயத்திலேயே மலை பஸ் ஏறி, ஜமுனாமரத்தூரில் இறங்கி, அங்கிருந்து ஒரு டிராக்டர்காரரைக் கேட்டு அவருடைய ஊருக்குப் போனேன். இத்தனை வருடமாக அந்த ஊர்ப் பெயர்களை வண்டிச் சீட்டில் படித்திருக்கிறேனே தவிர, ஒரு ஊரையும் நேரில் பார்த்ததில்லை. நீயும் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

வீட்டின் ஒரு பாதியில் கான்கிரீட் போட்டு முடிந்திருக்கிறது. அதன் ஓரம் நடுவழியில் கைவிட்ட மாதிரி சரிந்து இறுகிக் கிடக்கிறது. மறு பாதியில் கட்டிய கம்பி அப்படியே வெயிலையும் பனியையும் பார்த்துக்கொண்டு துருவேறுகிறது. பழைய வீட்டை இடித்துத்தான் இதைக் கட்டுகிறார்கள். குடும்பமே பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறது. சின்னப்பையன் கொல்லையில் சாமை வேலைக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி வெளியே வந்தார்.

"யாரு, சிமெண்ட்டு கடைக்காரரா?"

ஆமாம் என்றேன்.

"நல்லா பாருங்க. பாதிக்கு உங்க சிமெண்ட்டு, பாதிக்கு வானம். மோல்டு போட்ட பக்கம் முட்டுக்கட்டைங்க, படுக்க எடமில்ல. போடாத பக்கம் மழ. நாங்க எந்தப் பக்கம் படுக்கறது, நீங்களே சொல்லுங்க."

ஐப்பசி மழை வந்துவிடும். மழை பிடித்துக்கொண்டால் அந்தப் பாதியைப் போடுவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கான்கிரீட்டைத் தாங்க வாடகைக்கு எடுத்த செண்ட்ரிங் பலகைகளுக்கு அடுத்த வீட்டுக்காரர் காத்திருக்கிறார். இதெல்லாம் நீ யோசித்தால் உனக்கே தெரியும். உனக்குத் தெரியாத ஒன்றை அந்த அம்மாதான் எனக்குச் சொன்னார். "ஆளு வருமா?" என்று சின்னப்பையன் கேட்டதன் அர்த்தம் எனக்கு அங்கேதான் புரிந்தது.

அந்த ஊரில் மோல்டுக்குக் கூலிக்கு ஆள் வைப்பதில்லை. வீட்டுக்கு வீடு முறை வைத்துப் போகிறார்கள். உன் வீட்டு மோல்டுக்கு நான் வந்தால், என் வீட்டு மோல்டுக்கு நீ வர வேண்டும். குறித்த நாளில் எல்லோரும் தங்கள் கொல்லை வேலையை நிறுத்திவிட்டு, வரிசையாக நின்று, கலவைச் சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றுவார்கள். வீட்டுக்காரர் சோறு போடுவார். சின்னப்பையன் பல வருடங்களாக மற்றவர்கள் வீட்டில் சட்டி தூக்கியிருக்கிறார். எல்லோரும் அவருக்காகத் திரும்ப வரவேண்டிய நாள் ஒன்றே ஒன்று. அந்த நாள் அன்று செலவாகிவிட்டது. மதியத்துக்கு முன்பே மூட்டை தீர்ந்துபோய், மேஸ்திரி கையை உதறிவிட்டார். சின்னப்பையன் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடிப்போய் நம் குடோனுக்குப் போன் செய்திருக்கிறார். "சிஸ்டத்துல கம்ப்ளீட்னு இருக்குங்க" என்று நம் ஆள் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவர் திரும்பி வந்தபோது எல்லோரும் டிரம்மில் கை கழுவிக்கொண்டிருந்தார்களாம். ஆக்கியிருந்த சோற்றைப் பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கலைந்து போனார்களாம். அதில் ஒருவர் போகும்போது, "கணக்கு போட்டு கஞ்சத்தனமா வாங்கிட்டு எங்கள ஏன்யா கூப்ட்ட?" என்று கேட்டிருக்கிறார். கணக்குப் போட்டது நாம். கெட்ட பெயர் அவருக்கு.

இப்போது இரண்டாவது விஷயம். கீழே இறங்கி வந்ததும் நம் லோடு மேஸ்திரி ஏழுமலையைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். சின்னப்பையனுக்கென்று வந்திருந்த சிமெண்ட் எங்கே போனது என்று.

"அன்னிக்கி வாணியம்பாடி காண்ட்ராக்டரு அவசரமா கேட்டாருங்க. அந்த அடுக்குலருந்து எடுத்து ஏத்திட்டோம்."

"அது மலைக்குப் போக வேண்டியதாச்சே. யாரு எடுக்கச் சொன்னது?"

"யாரும் எடுக்கச் சொல்லலிங்க. எடுக்காதேன்னும் யாரும் சொல்லலிங்க. எல்லாம் ஒரே அடுக்குதானே? இது இன்னாருதுன்னு மூட்ட மேல பேரா எழுதியிருக்கு?"

"அப்ப மலைக்கு கொறைச்சலா ஏன் அனுப்பினீங்க?"

"இருக்கறத ஏத்தி வுட்டாத்தானே பச்சை வரும்? மீதிய புது ஆர்டரா போட்டா, பழசு முடிஞ்சதுன்னு ஆயிடும். சாயந்திரம் பச்சை வந்துட்ச்சி. நீங்களும் வடை சாப்ட்டீங்களே சார், ஞாபகம் இல்லியா?"

சாப்பிட்டேன். சூடாகத்தான் இருந்தது. சுவரில் நீ மாட்டியிருக்கும் அந்தத் திரை, அன்றைய ஆர்டர்களில் பெரும்பகுதி அன்றே கிளம்பிவிட்டால் பச்சையாக மாறுகிறது. பச்சை வந்த அன்று எல்லோருக்கும் வடை. உற்சாகமான ஏற்பாடு என்று நானும் நினைத்தேன், உன்னிடம் பாராட்டியும் சொன்னேன். இப்போது அதை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. ஒரு மனிதனுடைய வீட்டை இரண்டு துண்டாக்கினால் ஒரு துண்டு உடனே "முடிந்தது" ஆகிவிடுகிறது, மறு துண்டு வரிசையில் கடைசிக்குப் போய்விடுகிறது, சுவர் பச்சையாகிறது, நாம் வடை தின்கிறோம்! குடோனில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் "முழுமையாக அனுப்பப்பட்டது" என்ற பொய் மட்டும் மலையேறிப் போய்ச் சின்னப்பையனின் போனில் உட்கார்ந்துகொண்டது. சொன்ன ஆள் இல்லாத பொய்யை யாரிடம் போய்க் கேட்பது? அவர் உன்னிடம் வந்து கேட்டார். நீ அவரை எண்ணச் சொன்னாய்.

நம்மிடம் வாங்கும் சில்லறைக் கடைக்காரருக்கு மீதியை மறுநாள் அனுப்பினால் ஒன்றும் கெடாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அவர் தெருவை ஒட்டிக் கடை வைத்திருக்கிறார். இன்று பாதி வந்தால் இன்று பாதி விற்பார். உன் முறை அவருக்காகச் செய்யப்பட்டது, அவருக்கு அது பொருந்துகிறது. மலைக்கு வண்டி தினமும் போவதில்லை. மோல்டைத் தவணையில் போட முடியாது. இந்த வித்தியாசம் தெரியாத முறையை நீ அப்படியே கலசப்பாக்கத்துக்கும் எடுத்துப் போகப்போகிறாய் என்பதுதான் என்னை எழுத வைத்தது. அங்கிருந்தும் வண்டிகள் மலைக்கு ஏறும்.

மூன்றாவதைச் சொல்ல எனக்குப் பெரிய படிப்பு தேவையில்லை, உன் கல்யாணம் போதும். ஞாபகம் இருக்கிறதா? முதல் பந்தி. சோறு வந்துவிட்டது, சாம்பார் வந்துவிட்டது, வடை, பாயசம், அப்பளம் எல்லாம் வந்துவிட்டது. ஆட்களும் உட்கார்ந்துவிட்டார்கள். இலை வரவில்லை. உன் மாமனார் வீட்டுக்காரர்கள் வெறும் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாம்பார் வாளியோடு நின்றவன் எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நீதான் மாப்பிள்ளைக் கோலத்திலேயே ஓடிப்போய் இலைக்காரரைப் போனில் பிடித்தாய். அவர் என்னவோ சமாதானம் சொல்ல, நீ என்னிடம் திரும்பி, "ஒரு ஐட்டந்தானே கொறையுதுன்றான்பா! இவனுக்கு இன்னா தைரியம் பாருப்பா!" என்று மூக்கு விடைக்கக் கத்தினாய். கழுத்து மாலை இழுபட்டுப் பூ உதிர்ந்தது. அன்று உனக்கு இருந்த நியாயமான கோபத்தில் கொஞ்சம் சின்னப்பையனுக்கும் உரிமை உண்டு இல்லையா? பந்திக்கு வந்த பொருள்களை எண்ணினால் அன்றும் பெரும்பகுதி வந்துதான் இருந்தது. சுவரில் திரை இருந்திருந்தால் பச்சை காட்டியிருக்கும்.

நான் சர்க்கரை ஆலை ஸ்டோர்ஸில் என் காலத்தைக் கழித்தவன். எம்.காம். படித்துவிட்டு போல்ட்டும் பேரிங்கும் எண்ணினேன் என்று உன் பெரியப்பா கேலி செய்வார். அங்கே எனக்குப் பிடித்த ஒரு பழக்கம் இருந்தது. எந்த மிஷினைப் பிரிக்கப்போகிறார்களோ அந்த வேலைக்கு வேண்டிய எல்லாவற்றையும், சின்ன வாஷர் உட்பட, ஒரே மரத்தட்டில் சேர்த்து வைப்போம். தட்டு நிறையும் வரை ஃபிட்டர் மிஷினில் கை வைக்க மாட்டார். தட்டில் ஒரு சாமான் குறைந்தாலும் அந்தத் தட்டு காலி என்றே பெயர். வேறு வேலைக்கு அவசரம் என்று யாராவது அதிலிருந்து எடுத்தால் சண்டை வந்துவிடும். சண்டை போடுகிறவன் நான் இல்லை, ஃபிட்டர். நான் தட்டை மட்டும் உடம்போடு அணைத்துப் பிடித்துக்கொள்வேன். ஆர்டர் என்றால் எனக்கு அந்தத் தட்டுதான். உனக்கு அது பட்டியலில் உள்ள வரிகள். என் பார்வை பழையதாக இருக்கலாம். சின்னப்பையன் நம்மிடம் வாங்க வந்தது சிமெண்ட், கம்பி, கட்டுக்கம்பி என்று மூன்று பொருள்களையா, ஒரு கூரையையா? இதற்கு மட்டும் நீ நேராகப் பதில் சொல்.

நான்காவது. முதலில், மலை ஆர்டர்களுக்கென்று குடோனில் தனி இடம் ஒதுக்கு. கயிறு கட்டு. ஒவ்வொரு அடுக்கின் மேலும் ஆளின் பெயரும் மோல்டு நாளும் எழுதிய அட்டை தொங்கட்டும். கயிற்றைத் தாண்டி ஒரு மூட்டையை எடுக்க வேண்டுமானால், எவ்வளவு பெரிய காண்ட்ராக்டருக்காக இருந்தாலும், உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அப்போதாவது எடுத்தவன் இவன் என்று காட்ட ஒரு முகம் இருக்கும். தட்டு நிறையாத ஆர்டர் மலையேறக் கூடாது. நிறையவில்லை என்றால், நிறையவில்லை என்று முன்கூட்டியே போனில் சொல்ல வேண்டும், அவர்கள் நாளைத் தள்ளி வைத்துக்கொள்வார்கள். மெசேஜ் போதாது. மனிதக் குரல் பேசி, இத்தனை மூட்டை, இத்தனை கம்பி என்று சொல்லி, அந்தப் பக்கம் "சரிங்க" என்று கேட்ட பிறகுதான் வண்டி கிளம்ப வேண்டும். திரையை நீ கழற்ற வேண்டாம். உன் மிஷின்கள் மேல் எனக்குப் பகை இல்லை. கேட்ட பொருள் மொத்தமும் போய்ச் சேர்ந்த ஆர்டரை மட்டும் அது எண்ணட்டும். சில நாள் சிவப்பாகவே இருக்கும். வடை இல்லாமல் போகட்டும்.

வண்டியில் ஏற்றும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். கடைசி ஊருக்கான சாமான் முதலில் ஏறி உள்ளே போக வேண்டும், முதல் ஊருக்கானது கடைசியில் ஏற வேண்டும். இப்போது கைக்கு வந்ததை ஏற்றுகிறார்கள். முதல் ஊரில் பாதி வண்டியை இறக்கி மறுபடி ஏற்றும்போது மூட்டை கிழிகிறது, எண்ணிக்கை மாறிப்போகிறது. எந்த ஊரில் குறைந்தது என்று பிறகு யாருக்கும் தெரிவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதும்போது கை கூசுகிறது. புதிதாக வரும் சிமெண்டைப் பழைய அடுக்குக்கு முன்னால் அடுக்குகிறார்கள். எடுக்கும்போது முன்னால் இருப்பதை எடுக்கிறார்கள். சுவரை ஒட்டிய பழைய மூட்டைகள் ஈரம் இழுத்து ஓரம் கட்டிபட்டுக் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்கிறீர்கள் என்று ஏழுமலையைக் கேட்டேன். "மேல போற லோடுல கலந்து வுட்டுடுவோம் சார். மலைக்காரங்க திருப்பித் தூக்கினு வரமாட்டாங்க" என்று கடைக்குப் போய் வருவதைச் சொல்வது போலச் சொன்னார். உனக்கு இது தெரியுமா? தெரியாது என்றே நம்ப விரும்புகிறேன். தெரிந்திருந்தால், பாஸ்கர், இந்தக் கடிதத்தின் மீதியைப் படிக்க வேண்டாம். திருப்பி எடுத்து வர முடியாதவனுக்குத்தான் நல்ல மூட்டை முதலில் போக வேண்டும். அடுக்கைச் சுவரிலிருந்து தள்ளிப் போடச் சொல். முதலில் வந்தது முதலில் போகிற மாதிரி இரண்டு பக்கமும் வழி விட்டு அடுக்கச் சொல். கட்டிபட்டதை யாருக்கும் அனுப்பாதே.

ஐந்தாவதை நான் எப்படி எழுதி வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த முறைநாள் திரும்ப வராது, ஆகவே கீழிருந்து கூலியாட்களை நாமே வைத்து, மிஷினோடு ஏற்றி அனுப்பி, ஐப்பசிக்கு முன் மறு பாதியைப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். சிமெண்ட் குறைந்தது நம்மால், நிரப்புவதும் நம் பொறுப்பு. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை. என் வாழ்நாளில் சந்தேகமில்லாமல் எழுதிய ஒரே திட்டம் இதுவாக இருக்கும். கடிதத்தை மடித்து உன் மேஜையில் வைப்பதற்கு முன், ஆட்கள் வரும் நாளைச் சின்னப்பையனிடம் சொல்லிவிடலாம் என்று போன் செய்தேன். அவர் ஆலங்காயத்திலேயே இருந்தார். பெரிய தார்ப்பாய் வாங்க இறங்கி வந்திருந்தார். பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன்.

"கூலி ஆளா? கீழருந்தா?"

"ஆமாங்க. மிஷினும் வந்துடும். ஒரே நாள்ல முடிஞ்சிடும்."

அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தார். "முடிஞ்சிடும் சார். அதுக்கப்புறம் நான் அந்த ஊர்ல எப்டி இருக்கறது?"

எனக்குப் புரியவில்லை என்றேன்.

"இப்பவே எம்மேல மனத்தாங்கலா இருக்காங்க. நான் வெளியாள வெச்சி முடிச்சிட்டன்னு வையுங்க. சரி, இவனுக்கு நாம தேவையில்லன்னு வுட்டுடுவாங்க. நாளைக்கி எவன் வூட்டு மோல்டுன்னாலும் என்ன கூப்ட மாட்டான். நான் செத்தா தூக்கறதுக்கும் உங்க குடோன்லருந்துதான் ஆளு அனுப்பணும்."

"அப்ப நாங்க இன்னாதான் பண்றது? நீங்களே சொல்லுங்க."

"இதத்தான் யாருமே கேக்கலியே. சிமெண்ட்ட அனுப்புங்க. கூடவே உங்க புள்ளைய அனுப்புங்க. எங்க ஊரு ஆளுங்க முன்னால நின்னு, கொறைச்சல் எங்க குடோன்ல நடந்தது, இவரு சரியாத்தான் கேட்டாருன்னு அவரு வாயால சொல்லட்டும். அது போதும். முறையில்லன்னாலும் இன்னொரு நாள் வருவாங்க. எங்காளுங்க அவ்ளோ மோசமில்ல."

"அவன் வரலன்னா, நான் வந்து சொல்லட்டுமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். இந்தச் சிரிப்பு அன்று குடோனில் சிரித்தது போல இல்லை. "நீங்க சொன்னா பக்கத்துல நிக்கிறவனுக்கே கேக்காது சார். இப்ப டீ சொன்னீங்களே, ரெண்டு தடவ நான்தான் திருப்பிச் சொன்னேன்."

நாளைக்கே அனுப்புவதாக நீ சொன்ன மீதி இன்னும் கிளம்பவில்லை, வியாழக்கிழமைதான் மலை வண்டி போகிறது. சிமெண்ட், கட்டுக்கம்பி எல்லாவற்றையும் புது அடுக்கிலிருந்து எடுத்துக் கயிறு கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஏழுமலை எண்ணினார், பிறகு நான் எண்ணினேன். டிரைவர் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார இடம் இருக்கிறது. நானும் ஏறுவேன். அங்கே நீ பேசு, நான் உன் பக்கத்தில் நிற்கிறேன். நீ வராவிட்டால் நான் பேசுவேன், கேட்கவில்லை என்றால் மறுபடியும் பேசுவேன். அன்று நீ அவரிடம் சொன்ன வேடிக்கைக்கும் அங்கேயே பதில் சொல்லிவிட வேண்டும். அவர் அதை ஊர்க்காரர்களிடம் சொல்லவில்லை. நீ தலைகுனிய வேண்டாம் என்று சொல்லாமல் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

முதல் நான்கில் ஒரு வார்த்தையையும் நான் மாற்றவில்லை. ஐந்தாவது தவறு. வாடிக்கையாளரைக் கேட்காமல் அவருக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்கிறாய் என்று இத்தனை பக்கம் உன் மேல் கோபப்பட்டுவிட்டு, நானும் அவரைக் கேட்காமல்தான் அதை எழுதினேன். அது எனக்கு அவ்வளவு சரியான திட்டமாகத் தோன்றியதற்குக் காரணம் இப்போது தெரிகிறது. ஆட்களை அனுப்பிவிட்டால் வேலை முடிந்துவிடும், நம் வீட்டிலிருந்து ஒருவரும் அந்த மனிதர்கள் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்காது. அந்த வழியைச் சின்னப்பையனுக்காகக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காகக் கண்டுபிடித்திருக்கிறேன்.

அப்பா